லொந்தோங் கேட்ட மகனுக்கு

ஸலாம், தம்பி. உடம்பு, சாப்பாடு, டூட்டி, வெயில் எல்லாம் வெள்ளிக்கிழமை போனிலேயே பேசி முடித்துவிட்டோம். அதனால் நேராக நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "உம்மா, அந்த இந்தோனேசியா அரிசிக் கட்டியைக் காய்கறி போட்டு வறுப்பீங்களே, லொந்தோங், அது எப்படின்னு ஸஹ்லாவுக்கு எழுதி அனுப்புங்க. வீட்ல சும்மாதானே இருக்கா, செஞ்சு பழகட்டும்" என்றாய். நானும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நீ வேறொன்றும் சொல்லியிருந்தாய். உன் மனைவி மருந்தாளுநர் பரீட்சைக்குப் பதிந்துவிட்டாளா என்று கேட்டேன். "பாஸ்போர்ட் ஒரிஜினல் கேக்கறாங்களாம் உம்மா. அது என் ஆபீஸ் லாக்கர்ல இருக்கு. பத்திரமா இருக்கட்டும். கல்யாணம் ஆகி மூணு மாசம்கூட ஆகல, இப்ப என்ன அவசரம்?" என்றாய். உனக்குப் பின்னால் அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ அப்படிச் சொன்னதும் அது நின்றது. உனக்குக் கேட்டிருக்காது.

ஆகவே செய்முறையை எழுதுகிறேன். ஆனால் ஸஹ்லாவுக்கு அல்ல, உனக்கு. ஷார்ஜாவில் உன் வீட்டில் இதைச் செய்யப்போவது நீதான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் "சரி உம்மா, சரி உம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய், நானும் எதையோ சொல்ல வந்து எதையோ சொல்லி வைத்துவிடுவேன். இருபத்து மூன்று வருடமாக பஹ்ரைனில் இதே குதைபியா வீட்டில், இதே அடுப்படியில் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

முதலில் அரிசி. பாஸ்மதி ஆகாது, அது ஒட்டாது. பெரிய கடைகளில் எகிப்து அரிசி என்று குட்டையாக, உருண்டையாக இருக்கும். அதில் இரண்டு டம்ளர் கழுவி, தண்ணீரை நன்றாக வடித்துவிடு. மலையாளிக் கடையில் வாழை இலை கிடைக்கும். அதைத் தீயில் லேசாக வாட்டினால் துவளும். துவண்டதும் குழல் மாதிரி உருட்டி, ஒரு முனையை மடித்துப் பல்குச்சியால் குத்து. குழலில் பாதிவரைக்கும் மட்டும் அரிசி போடு. மீதி காலியாக இருக்கிறதே என்று உனக்குத் தோன்றும், இன்னும் ஒரு பிடி போடக் கை போகும். போடாதே. நிறைய அடைத்தால் நடு அரிசி வேகாமல் நிற்கும், இல்லையென்றால் இலை கிழியும். பிறகு மறுமுனையையும் அதேபோல இறுக்கிக் குத்திவிடு. பெரிய பானையில், குழல்கள் முழுக்க மூழ்கத் தண்ணீர் வைத்து, நாலு மணி நேரம் வேகவை. தண்ணீர் குறையக் குறையக் கொதிநீர் ஊற்றிக்கொண்டே இரு. உள்ளே அரிசி ஊதும். முழுசாக ஊத இடம் இருக்காது. ஒன்றை ஒன்று நெருக்கி, நசுக்கி, கடைசியில் எந்த மணி எது என்று தெரியாத ஒரே கட்டியாகிவிடும். வெந்ததை எடுத்து நிறுத்திவைத்து, மறுநாள்வரை ஆறவிடவேண்டும். சூட்டோடு பிரித்தால் சோறுதான் கிடைக்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த யாத்தியை உனக்கு நினைவிருக்கிறதா? நீ அவளை ஜன்னல் ஆன்டி என்பாய். அப்போது உனக்கு ஏழு வயது. நம் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் தெரு தெரியாது என்பது உனக்குத் தெரியும். கட்டடத்தின் நடுவில் மொட்டைமாடியிலிருந்து தரைவரை இறங்கும் காற்றுப் பொந்துதான் தெரியும். அதற்கு அந்தப் பக்கம், நாலடி தள்ளி, எதிர்வீட்டு அடுப்படி ஜன்னல். எதிர்வீட்டில் அப்போது இருந்தவர்கள் நம் ஊர்க் கடற்கரைப் பக்கத்துக்காரர்கள். கணவன் மனைவி இருவருக்கும் வேலை. அந்தம்மாவை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், சொந்த அக்கா மாதிரி. கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோன்புக் கஞ்சி அனுப்புவார்கள். உனக்குக் காய்ச்சல் முற்றியபோது காரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்த வீட்டுக்காரர்தான். அவர்கள் வீட்டு வேலைக்கு வந்திருந்தவள் யாத்தி. காலையில் இருவரும் டூட்டிக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். அது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. இங்கே பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள்.

யாத்தி தமிழை அந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டாள். கொஞ்சம் அரபு, கொஞ்சம் ஹிந்தி கலந்து பேசுவாள். என்னைக் "காக்" என்பாள். அவர்கள் ஊரில் அக்காவுக்கு அப்படிச் சொல்வார்களாம். நம் ஊரில் காக்கா என்றால் அண்ணன் என்று சொன்னேன். "அப்போ நீ மீசை வை, காக்" என்றாள். என் புளிக்குழம்பை ஒரு வாய் ருசித்துவிட்டு, "இது சாப்பாடா, இருமல் மருந்தா?" என்று கேட்டவள் அவள். எப்படி ருசித்தாள் என்கிறாயா? மாப் கம்பின் நுனியில் பிளாஸ்டிக் பையை மாட்டி நீட்டுவேன். அவள் எட்டி எடுத்துக்கொண்டு, அதே பையில் எதையாவது திருப்பி அனுப்புவாள். அப்படித்தான் லொந்தோங் நம் வீட்டுக்குள் வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது. "பழைய சோத்தை வெட்டி வறுக்கிறா" என்று லாத்தா சிரிப்பார். உனக்குத்தான் பைத்தியம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "பார்சல் வந்துச்சா?" என்று ஜன்னலுக்கு ஓடுவாய்.

அவளுக்கு இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், உன் வயதுதான். "ரெண்டு வருஷம் கலாஸ், முடிஞ்சுது, காக். அவங்க புதுப் பொண்ணு வரட்டும்னு சொல்றாங்க. புதுப் பொண்ணு மாஃபி, வரவே இல்ல" என்பாள். அவளுடைய பாஸ்போர்ட் அந்த வீட்டு பீரோவில் இருந்தது. நான் லாத்தாவிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். "அனுப்பத்தாம்மா போறோம். இவ போயிட்டா என் வேலை என்னாவறது, சொல்லு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அதற்குமேல் கேட்கவில்லை.

பிறகு அவர்கள் நாலு நாள் பயணமாக பஸ்ஸில் மக்காவுக்கு உம்ரா செய்யக் கிளம்பினார்கள். புறப்படும் காலையில் லாத்தா நம் வீட்டுக்கு வந்து சாவியை என் கையில் வைத்தார். "உள்ளே எல்லாம் வாங்கிப் போட்டிருக்கேன். நீ ஒரு கண்ணு மட்டும் வெச்சுக்க. தீ கீ பிடிச்சாத் தவிர திறந்துடாதே. அவ வெளியே போயிட்டா எங்களுக்குத்தான் வம்பு" என்றார். எனக்காகவும் துஆ செய்யுங்கள் என்று சொல்லி வழியனுப்பினேன். சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

அன்றைக்கே யாத்தி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "சாவி உன் வீட்டுல இருக்கு, காக்."

"ஆமா."

"கம்புல மாட்டு. நான் எம்பஸி போறேன். டாக்ஸி எடுத்து நேரா எம்பஸி. அங்கே பேப்பர் குடுப்பாங்க. ஊருக்குப் போறேன்."

"பாஸ்போர்ட் இல்லாம எப்படி?"

"அது அவங்க பாப்பாங்க. நீ கதவு மட்டும்."

மத்தியானம் சாப்பிட வந்த உன் வாப்பாவிடம் சொன்னேன். அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. "அவன்தான் அவளோட கஃபீல், விசா எடுத்தவன், அவன் பொறுப்பு. நம்பிச் சாவியைக் குடுத்துட்டு அல்லாஹ்வோட வீட்டுக்குப் போயிருக்கான். நாளைக்கு போலீஸ் வந்து யாரு திறந்து விட்டதுன்னு கேட்டா? நீ என் விசாவுல இருக்கே, நான் கம்பெனி விசாவுல இருக்கேன். ஒருத்தர் விழுந்தா மூணு பேரும் விழுவோம். கலாஸ், இந்தப் பேச்சை விடு." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உன் வாப்பாவின் பயம் வெறும் பயமும் இல்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எங்கள் இருவருக்குமே தெரியும்.

மறுநாள் யாத்தியிடம் சொன்னேன், வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார் என்று. அவள் விடவில்லை. "வீட்டுக்காரர் சொல்றார். நீ என்ன சொல்றே, காக்? உன் பாஸ்போர்ட் உன்கிட்ட இருக்குல்ல, உனக்கு என்ன பயம்?"

"என் பாஸ்போர்ட் அவர் ஆபீஸ்ல இருக்கு" என்றேன். சொல்லும்போது அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அரிசி டப்பா மேல் தட்டில் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்போ நீ, நான், ஸேம் ஸேம்."

நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன், தம்பி. இத்தனை வருடமாக இந்தக் கதையை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம், போலீஸுக்குப் பயந்து, விசாவுக்குப் பயந்து, உன் வாப்பாவுக்குக் கட்டுப்பட்டுச் சாவியைக் கொடுக்காமல் இருந்ததாகத்தான் சொல்லிவந்தேன். பயம் முதல் நாள்தான் இருந்தது. இரண்டாம் நாள் எனக்கு வந்தது கோபம். நான் வேதியியல் படித்தவள், கல்லூரியில் முதல் வகுப்பு. ஊரறிய நிக்காஹ் செய்து கூட்டிவரப்பட்டவள். வீட்டு வேலைக்கு வந்த ஒருத்தி, என்னையும் தன்னையும் சேர்த்து ஒரே சொல்லில் சொல்லிவிட்டாளே என்று எனக்குக் காது சுட்டது. அவள் சொன்னது தப்பாக இருந்தால் சுட்டிருக்காது என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் சாப்பாடு மட்டும் அனுப்பினேன். மீன் குழம்பு, முட்டை, நீ தின்னும் பிஸ்கட். மாப் கம்பில் பையை மாட்டி நீட்டினேன், அவள் வாங்கினாள். ஒவ்வொரு முறையும் டப்பாவை வெளியே எடுத்துவிட்டுப் பையின் அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் எனக்கு இரண்டடி பின்னால் இருந்தது.

நீ என் பக்கத்தில் நின்றிருந்தாய். "உம்மா, ஜன்னல் ஆன்டி ஏன் கீழே வரவே மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாய்.

"அவங்க வீட்டுக்காரங்க ஊர்ல இல்ல வாப்பா. ஆன்டி பத்திரமா இருக்கட்டும்னு பூட்டிட்டுப் போயிருக்காங்க."

"அவங்களுக்கு பயமா இருக்காதா?"

"பூட்டியிருந்தா என்ன பயம்? யாரும் உள்ளே வர முடியாதுல்ல."

நீ தலையை ஆட்டிவிட்டு கார் படம் வரையப் போய்விட்டாய். வெள்ளிக்கிழமை போனில் உன் வாயிலிருந்து வந்தது நான் கொடுத்த பதில், தம்பி. உனக்கு நினைவே இருக்காது. எனக்கு அந்த இடமே கண்முன் வந்து நின்றது. அதனால்தான் உன்மேல் கோபப்பட முடியாமல் "சரிப்பா" என்றேன்.

அவர்கள் உம்ராவிலிருந்து திரும்பி வந்தார்கள். சாவியைக் கொடுத்தேன். லாத்தா என் கன்னத்தைத் தொட்டு, "உன்ன நம்பித்தான் கஅபாவைச் சுத்தி நிம்மதியா தவாஃப் செஞ்சேன்" என்றார். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். தின்றோம். யாத்தி பத்து நாளைக்கு ஜன்னலைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள், பேசினாள், லொந்தோங் அனுப்பினாள். ஆனால் என் குழம்பை மறுபடி கேலி செய்யவே இல்லை. அது போனது போனதுதான்.

ஏழு மாதம் கழித்துப் புதுப் பெண் வந்தாள். யாத்தியை அனுப்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் கீழே பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் நம் கதவைத் தட்டினாள். திறந்த எனக்கு ஒரு நொடி ஆளே தெரியவில்லை. ஜன்னலில் என் உயரத்துக்கு நின்று பேசிய பெண், நேரில் என் தோளுக்குத்தான் இருந்தாள். "பெயிண்ட் வாளி மேல நிப்பேன், காக்" என்றாள். இரண்டு வருடத்துக்கு மேல் அவள் வாளிமேல் நின்றுதான் என்னோடு பேசியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம்தான் இருந்தது. கீழேயிருந்து ஹாரன் அடித்தார்கள். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "லொந்தோங் எவ்வளவு நேரம் வேகணும்? நான் கேட்கவே இல்லையே" என்றேன்.

அவள் நாலு விரலைக் காட்டினாள். "நாலு மணி நேரம். குறைக்காதே." படியிறங்கிப் போய்விட்டாள்.

உனக்கு நான் எழுதிய நாலு மணி நேரம் அங்கிருந்து வந்தது. நான் கேட்க வந்தது வேறு என்பது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

வறுக்கும் விதத்தையும் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். மறுநாள் இலையைப் பிரித்து, கத்தியில் எண்ணெய் தடவி, விரல் கனத்துக்கு வில்லைகளாக வெட்டு. அகலச் சட்டியில் எண்ணெய் ஊற்றி, இரண்டு பக்கமும் ஓரம் பொன்னிறமாகும்வரை வறுத்துத் தனியே வை. கிளறிக்கொண்டே இருந்தால் உடையும், போட்ட இடத்தில் விட்டுவிடு. அதே சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, சிவப்பு மிளகாய் மூன்றையும் இடித்துப் போடு. கூனி இறால் இருந்தால் ஒரு கரண்டி, அந்த வாசனைதான் பாதி ருசி. பிறகு கேரட், பீன்ஸ், கடைசியாக முட்டைக்கோஸ். காய் நறுக்கென்று இருக்கும்போதே சோயா சாஸ் ஊற்றவேண்டும். அவர்கள் ஊரில் கெட்டியாக, கறுப்பாக, இனிப்பாக ஒன்று விற்கிறது. இங்கே யாத்திக்குக் கிடைக்காத நாளில் சாதாரண சோயாவில் பேரீச்சம்பழப் பாகைக் கலந்துகொள்வாள். நானும் அப்படியே பழகிவிட்டேன். வறுத்த வில்லைகளைப் போட்டு இரண்டு பிரட்டு பிரட்டி இறக்கு. உப்பு பார்த்துப் போடு, சோயாவிலேயே இருக்கிறது.

இதை எழுதும்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குக் கேட்கிறது. "நான் அப்படியா உம்மா? பூட்டியா வெச்சிருக்கேன்? அவ மாலுக்குப் போறா, பீச்சுக்குப் போறா. பாஸ்போர்ட் என்கிட்ட இருந்தா என்ன, கேட்டா குடுக்கப்போறேன்." அவள் கேட்டுவிட்டாள், தம்பி. நீ என்ன அவசரம் என்று கேட்டாய்.

உன் வாப்பாவும் எனக்கு எதையும் மறுத்ததே இல்லை. உனக்குப் பத்து வயதானபோது, பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் உதவ ஆள் வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டும் வாப்பாவின் சம்மதக் கடிதமும் கொண்டுவரச் சொன்னார்கள். சொன்னேன். "கொண்டுவர்றேன்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அந்த வாரம் மறந்தார். அடுத்த வாரம் லாக்கர் சாவி வைத்திருக்கும் மேனேஜர் விடுமுறை. மூன்றாவது வாரம் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். "அடுத்த வருஷம் பாப்போம்" என்று என் தலையைத் தடவினார். முடியாது என்று ஒருமுறை சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். என் வாப்பா ஊரில் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் கிடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸ் மூடியிருந்தது, மேனேஜர் சாவியோடு சவூதியில் ஜுபைலுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்போர்ட் என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. உன் வாப்பா என்னைவிட அதிகம் அழுதார். விடுமுறை முடிந்து திரும்பி வந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி மறுபடி அதே லாக்கரில் வைத்தார். கொடுத்தவள் நான்தான். விமான நிலையத்தில் அவர் கையை நீட்டினார், பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதுதான் வழக்கம்.

உன் வாப்பாவைப் பற்றிக் குறை சொல்லி உன்னிடம் நியாயம் கேட்க இதை எழுதவில்லை. அவர் நல்லவர். நீயும் நல்லவன். எதிர்வீட்டு லாத்தாவும் நல்லவர்தான். எங்களில் ஒருவர்கூடக் கை ஓங்கியதில்லை, கத்தியதில்லை. அதனால்தான் எனக்கு இத்தனை வருடம் எதுவும் புரியவில்லை. யாராவது கெட்டவர் வந்து அடைத்துவைத்திருந்தால் மூச்சு முட்டுகிறது என்று தெரிந்திருக்கும். எனக்கு மெதுவாகத்தான் முட்டியது. அதையும் நான் வெயில் என்று நினைத்துக்கொண்டேன், வயது என்று நினைத்துக்கொண்டேன். மாலை நாலு மணிக்கு எந்தக் காரணமும் இல்லாமல் வாசல் கதவுவரை போய், பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். கதவு பூட்டியிருக்காது. திறந்து எங்கே போவது என்றுதான் தெரியாது. ஸஹ்லாவுக்கு இருபத்து மூன்று வயது. எங்கே போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பரீட்சைக்கு. அந்த ஒன்று தெரிந்திருக்கும்போதே அவளைப் போகவிடு. நாலு வருடம் தள்ளிப்போட்டால் அவளுக்கும் மறந்துபோகும். பிறகு நீ பாஸ்போர்ட்டைத் தட்டில் வைத்து நீட்டினாலும் எதற்கு என்று உன்னையே கேட்பாள்.

உனக்குப் புத்தி சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கக்கூடாது என்று, சனிக்கிழமை காலை டீ கொடுக்கும்போது உன் வாப்பாவிடம் கேட்டேன். "என் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்துடுங்க."

"எங்க போறே?"

"எங்கேயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"வீட்ல இருக்கட்டும்."

காய்ச்சலா என்று பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். "மகன்கிட்ட ஏதாச்சும் சண்டையா?" என்றார். இல்லை என்றேன். "சரி, கொண்டுவர்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரவில்லை. நேற்றும் கொண்டுவரவில்லை. மறந்துட்டேன் என்றார், உண்மையாகவே மறந்துதான் இருப்பார். இன்று மறுபடி கேட்டேன், நாளையும் கேட்பேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் என் குரல் ஏன் இத்தனை சன்னமாகிறது என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இதைப் பழகுவது கஷ்டம். உன் மனைவி பழகவேண்டிய அவசியமே இல்லாமல் நீ செய்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. இதுவரை எழுதியதைப் படம் எடுத்து இன்று காலையே ஸஹ்லாவுக்கு அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. உன் வாப்பாவிடமும் சொல்லவில்லை. கணவன் மனைவிக்கு நடுவில் மாமியார் புகுந்துவிட்டாள் என்று நீ கோபப்படலாம். படு, நான் தாங்கிக்கொள்வேன். அவள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறாள்: "மாமி, பதிவு செய்யக் கடைசி நாள் வியாழக்கிழமை." உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்று செவ்வாய். உனக்கும் இப்போது அதேபோலப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீ இதை வாசிக்கும்போது ஆபீஸில்தான் இருப்பாய், லாக்கரும் அங்கேதான் இருக்கிறது. எழுந்து போய் எடு. அவள் இன்னொரு முறை கேட்கும்படி வைத்துவிடாதே.

உன் உம்மா